நாலாம் நம்பர்

கணினித் திரையின் மேல் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருக்கிறார். திரையில் இருப்பது ஒரு வரைபடம். அதன் உயரம் தெரிய வேண்டுமென்றால் மவுஸை நகர்த்தி ஒரு தட்டுத் தட்டினால் போதும், எண் தானாக வந்து நிற்கும். அது அவருக்கும் தெரியும். பக்கத்து மேசைப் பெண் வாரம் ஒருமுறை சொல்லியும் பார்க்கிறாள். "கம்ப்யூட்டர் சொல்றதைச் சொல்லட்டும்மா. நானும் ஒரு தடவ பாத்துக்கறேன்" என்பார். அளந்து முடித்ததும் ஸ்கேலைத் துடைத்துப் பேனாக் குவளையில் போடுவார். அடுத்த வரைபடத்துக்கு அது மறுபடி வெளியே வரும்.

எங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் எல்லோருக்கும் அவர் ஸ்கேல் அக்கா. பெயர் வைத்தவர்கள் முப்பதைத் தொடாத ஆராய்ச்சி மாணவர்கள். முதுகுக்குப் பின்னால் சொல்லும் பெயரில்லை. நேராகவே கூப்பிடுகிறார்கள், அவரும் "என்னப்பா" என்று திரும்புகிறார். வயது நாற்பத்து நான்கு. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பெரிய மருத்துவமனையில் ஈசிஜி எடுக்கும் டெக்னீஷியனாக இருந்தவர். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இங்கே தரவு உதவியாளராகச் சேர்ந்தார். மற்றவர்கள் ஆராய்ச்சி செய்வதற்குத் தோதாகப் பட்டியல்களைப் பெருக்கித் துடைத்து வைப்பதுதான் அந்த வேலை.

இதய நோய் சில குடும்பங்களை மட்டும் ஏன் விடாமல் துரத்துகிறது என்று எங்கள் பிரிவு பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பதினோராயிரம் பேரிடம் ரத்தம் எடுத்து, ஈசிஜியும் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஐந்து லட்சம் இடங்களில் மரபணு எழுத்துகளைப் பார்த்து, எந்த இடத்தில் எழுத்து மாறியவர்களுக்கு இதயம் தகராறு செய்கிறது என்று கணக்குப் போடுகிறார்கள். மரபணுப் புள்ளியியல் என்று அதற்குப் பெயர். நான் கணக்கு இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவன். அறிக்கை எழுதுவது, விளம்பரம் எழுதுவது, கூட்டங்களில் குறிப்பெடுப்பது, இவைதான் என் பிழைப்பு.

பட்டியலில் ஒவ்வொரு மனிதரும் ஒரு வரி. பெயர் கிடையாது, எண் மட்டும். மாணவர்கள் "நாலாயிரத்து முப்பத்தேழைத் தூக்கிடு" என்று சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். ஸ்கேல் அக்காவுக்கு அது வராது. "இந்த ஆளுக்கு எடை போடாம விட்டிருக்காங்க." "இந்த அம்மாவோட உயரம் ரெண்டடின்னு இருக்கு, பாவம், யாரு எழுதினாங்களோ." ஏதோ ஒரு காரணத்துக்காக ஒரு வரியை நீக்க வேண்டி வந்தால் குரல் இறங்கிவிடும். "ஒருத்தரை எடுத்தாச்சுப்பா" என்பார். கேட்பவர்களுக்குத் துக்கம் விசாரிக்க வேண்டும் போல இருக்கும்.

மாடியேறி மூச்சு வாங்க வருகிறவர்கள் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து ஒரே வாக்கியம்தான் கிடைக்கும். "அஞ்சு நிமிஷம் உக்காருங்க. அப்புறம் பேசலாம்." நிதி ஒதுக்கும் பெரிய அதிகாரி ஒருவர் ஒருமுறை அப்படி உட்கார வைக்கப்பட்டு, எதற்கு உட்கார்ந்தோம் என்று தெரியாமலேயே ஐந்து நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருடனும் கைகுலுக்குவதற்கு முன் உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொள்கிற பழக்கமும் உண்டு. படுத்திருக்கும் நோயாளியின் மார்பில் சில்லென்ற கையை வைத்தால் துடிப்பு எகிறிவிடும் என்பதற்காக வந்த பழக்கம். நான் கவனித்தவரை அவர் லிஃப்டில் ஏறியதே இல்லை. இத்தனைக்கும் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கேட்டால், "அவருக்குத் தெரிஞ்சதையெல்லாம் எங்கிட்டயும் சொல்லிட்டாருல்ல" என்கிறார்.

வருடா வருடம் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு இரண்டு மாணவர்களைச் சேர்ப்பார்கள். அதற்கான விளம்பரத்தை எழுதுவது நான். எழுதுவது என்றால், போன வருட விளம்பரத்தை எடுத்துத் தேதியை மாற்றுவது. இருதய நோயும் மரபணுப் புள்ளியியலும், நான்கு ஆண்டுகள், உதவித்தொகை உண்டு, இன்ன இன்ன படிப்பு வேண்டும், வயது முப்பத்தைந்துக்குள் என்று ஒன்பது வருடமாக அதே வரிகள். இந்த முறை மேலிடத்திலிருந்து ஒரு வரியை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். விளம்பரம் பலகையில் ஏறிய அரை மணி நேரத்தில் ஸ்கேல் அக்கா என் மேசைக்கு வந்தார். ஒரு கையில் போன வருடத் தாள், மறு கையில் இந்த வருடத் தாள்.

"வயசு வரி விட்டுப்போச்சா, இல்ல எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டாங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. உங்களுக்கு விட்டுப்போறது புதுசு இல்ல."

எடுத்துவிடச் சொன்ன கடிதத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். பிறகு, மளிகைக் கடையில் கேட்பது போல, "அப்ப ஒரு ஃபாரம் குடுங்க" என்றார்.

ஈசிஜி எடுத்துக்கொண்டிருந்தவருக்குப் புள்ளியியல் ஆசை எப்படி வந்தது என்று விசாரித்திருக்கிறேன். மருத்துவமனையில் ஒருநாள் அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே காலையில் வந்தார்களாம். மூன்று பேரின் தாளிலும் அலை ஒரே இடத்தில் ஒரே மாதிரி சறுக்கியிருக்கிறது. "மூணு பேருக்கும் ஒரே கையெழுத்து, சார். எனக்கு உடம்பே ஒரு மாதிரி ஆயிடுச்சு." ஏன் இப்படி என்று டாக்டரைக் கேட்டிருக்கிறார். அவசரத்தில் இருந்த டாக்டர், "அதெல்லாம் புள்ளியியல்காரங்களைத்தான் கேக்கணும்" என்று தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இவர் அதை வழி சொன்னதாக எடுத்துக்கொண்டு, அஞ்சல் வழியில் புள்ளியியல் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டார். மூன்று வருடப் படிப்பை ஐந்து வருடத்தில் முடித்தார், அதற்கு மேல் முதுகலை. இப்போது மகள் கல்லூரியில் முதல் வருடம். இருவருக்கும் ஒரே மேசை. "அம்மா, உனக்கு இடம் கிடைச்சா நான் உன்னை மேடம்னு கூப்பிடணுமா?" என்று மகள் கேட்கிறாளாம். "முதல்ல மேசையில பாதி இடம் குடு" என்று இவர் பதில்.

அந்த இடம் அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை நான் சொல்லிவிடுகிறேன், அவர் சொல்ல மாட்டார். தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதி கிடையாது. வயது வரம்பு இந்த வருடம் போனது போல அடுத்த வருடம் திரும்பியும் வரலாம். விண்ணப்பத்தில், எதற்காக இந்த ஆராய்ச்சி என்ற கேள்விக்கு மற்றவர்கள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். இவர் எழுதியது ஒரு வரி: "மூன்று சகோதரர்களுக்கும் ஏன் ஒரே மாதிரி என்று தெரிந்துகொள்ள."

இந்த வருட இரண்டு இடங்களில் ஒன்று, நாங்கள் பேராசிரியரின் கோபுரம் என்று சொல்வதைச் சேர்ந்தது. எங்கள் நடைக்கூடத்தில் சட்டம் போட்டு ஒரு படம் மாட்டியிருக்கிறது. ஐந்து லட்சம் மரபணு இடங்களும் வரிசையாகப் புள்ளிகள். எல்லாம் தரையோடு கிடக்க, ஒரே ஓர் இடத்தில் புள்ளிகள் விறுவிறுவென்று மேலே ஏறுகின்றன. அந்த இடத்தில் எழுத்து மாறியவர்களுக்கு, இதயம் ஒருமுறை சுருங்கி மறுபடி அடங்குவதற்கு அதிக நேரம் எடுக்கிறது என்று அர்த்தம். அந்த நேரம் நீண்டால் இதயம் திடீரென்று நின்றுபோகும் ஆபத்து உண்டு. பேராசிரியரின் ஆறு வருட உழைப்பு அந்தக் கோபுரம். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டப்போகும் மாணவருக்குத்தான் அந்த இடம். ஸ்கேல் அக்கா அதற்குத்தான் விண்ணப்பித்திருந்தார்.

நேர்காணலுக்கு ஒன்பது பேர் தேர்வானார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரம் முன்பே கோபுரத்தின் மூலத் தரவைக் கொடுத்து, இதைப் பார்த்துப் பத்து நிமிடம் பேசுங்கள் என்றார் பேராசிரியர். ஐந்து வருடமாக ஸ்கேல் அக்கா துடைத்துக்கொண்டிருந்தது ரத்தம், எடை, உயரம் என்ற தரவுகளை. பழைய ஈசிஜிப் பட்டியலை அவர் முழுசாகப் பார்ப்பது அதுவே முதல் தடவை. அளவுகளுக்குப் பக்கத்தில், மற்ற எட்டுப் பேரும் கண்டுகொள்ளாத ஒரு கட்டம் இருந்தது. ஈசிஜியை அளந்த டெக்னீஷியனின் எண்.

பதினேழு வருடம் முன்பு அதெல்லாம் மருத்துவமனையில் கையால் அளந்து, பிற்பாடு ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தவை. ஈசிஜித் தாளில் சின்னச் சின்னக் கட்டங்கள் அச்சாகியிருக்கும். இதயம் சுருங்கத் தொடங்கும் இடத்திலிருந்து பெரிய அலை அடங்கும் இடம் வரை ஸ்கேலை வைத்து எத்தனை கட்டம் என்று எண்ணி எழுதுவார்கள். ஊழியர்களின் பெயரை எழுத வேண்டாம், எண் போதும் என்பது ஏற்பாடு.

நேர்காணலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, மதிய இடைவேளையில், மாடிப்படித் திருப்பத்தில் என்னை நிறுத்தினார். சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமல் கையிலேயே இருந்தது.

"சார், அந்தப் பட்டியல்ல நாலாம் நம்பர் நான்தான்."

அதனால் என்ன என்று கேட்டேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவர் சொன்னதை என் தலைக்கு ஏறிய வகையில் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரை ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்த கிளை மருத்துவமனையில் தனியாகப் போட்டார்கள். சொல்லிக்கொடுக்க வந்த மூத்தவர் மூன்றே நாளில் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஈசிஜியில் சிலருக்குப் பெரிய அலை அடங்கிய பிறகு ஒரு குட்டி மேடு வருமாம். அதைச் சேர்க்காமல் அளக்க வேண்டும். இவர் சேர்த்து அளந்ததில் நேரம் உள்ளதைவிட நீளமாக விழுந்தது. எட்டு மாதம், அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அந்தக் குடியிருப்பில் எல்லோரும் ஒரே பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், ஒன்றுக்குள் ஒன்று, பெண் கொடுத்து வாங்கிய குடும்பங்கள். ஆகவே அவர்களுக்குள் பொதுவாக இருந்த ஒரு மரபணு எழுத்துக்கு, இல்லாத நோய் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது.

"எட்டு மாசம் கழிச்சு ஒரு டாக்டரம்மா பாத்துட்டு, இப்படி அளக்கக் கூடாதும்மான்னு சொன்னாங்க. அன்னையிலேந்து சரியா அளந்தேன்."

"அப்ப பழசு?"

"சொல்லல." பாத்திரத்தின் மூடியை ஒரு சுற்று திருப்பினார். "வேலை நிரந்தரம் ஆகல. பொண்ணு கைக்குழந்தை. டாக்டருங்க தாளைத்தான் பாப்பாங்க, நான் எழுதற நம்பரைப் பாக்க மாட்டாங்க, அதனால யாருக்கும் மருந்து மாறப்போறதில்லன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஆராய்ச்சிக்குப் போகும்னு எனக்கென்ன தெரியும்? தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். பயம்."

அந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேரை ஒதுக்கிவிட்டு அவர் கணக்கைத் திரும்பப் போட்டிருக்கிறார். கோபுரம் இல்லை. தரை மட்டம்.

பேராசிரியர் ஆறு வருடமாகக் காத்த படத்தை அவருக்கு முன்னாலேயே இடித்துவிட்டு, இடித்த கல்லை வைத்தது நான்தான் என்றும் சொன்னால் எந்தத் தேர்வுக் குழு இடம் கொடுக்கும்? வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன், சொல்லியும் விட்டேன். "பேசாம இதை விட்டுட்டு வேற ஏதாவது பேசிட்டு வந்துடுங்க. முதல்ல இடம் கிடைக்கட்டும். உள்ள போனப்புறம் சரி பண்ணிக்கலாம்." இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது.

"உள்ள போனப்புறம்" என்று அவர் திருப்பிச் சொன்னார். "அன்னைக்கும் அப்படித்தான் சார் நினைச்சேன். நிரந்தரம் ஆனப்புறம் சொல்லலாம்னு." சாப்பிடாமலேயே மேலே போனார்.

நேர்காணல் போன வியாழக்கிழமை நடந்தது. இதை நான் எழுதும் நாள் வரை முடிவு வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் பேராசிரியர், பக்கத்தில் வெளியிலிருந்து வந்த இதய மருத்துவர் அம்மா ஒருவர். ஓரத்தில் குறிப்பேட்டோடு நான். ஆறு பேர் வந்து கோபுரத்தை ஆறு விதமாகப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். ஏழாவதாக ஸ்கேல் அக்கா. உள்ளே வந்தவர் மாடியேறி வந்த களைப்போடு, கேட்காமலேயே உட்கார்ந்துகொண்டார். வழக்கமாக எழுந்து நின்று பேசுவார்கள்.

மூன்று படங்கள் காட்டினார். முதல் படத்தில் டெக்னீஷியன்கள் ஒன்பது பேரின் சராசரி. எட்டுப் பேர் நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில். நாலாம் நம்பர் மட்டும் தனியாக மேலே. இரண்டாவதில் அந்த நாலாம் நம்பரின் அளவுகள் மாதவாரியாக. எட்டு மாதம் உயரத்தில் போய், ஒன்பதாம் மாதம் சட்டென்று மற்றவர்களோடு சேர்ந்துகொள்கிறது. மருத்துவர் அம்மா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு குனிந்தார். "ஒரே நாள்ல அத்தனை பேர் இதயமும் சரியாயிடுச்சா?"

"இல்லைங்க. அளவுதான் மாறுது."

மூன்றாவது படத்தைப் போட்டார். நடைக்கூடத்துப் படத்தின் அதே அச்சு. எல்லாப் புள்ளிகளும் தரையில் கிடந்தன.

பேராசிரியர் தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமல் வைத்தார். நான் அவரைப் பல கூட்டங்களில் பார்த்திருக்கிறேன், குரலை உயர்த்துபவர் இல்லை. இரண்டாவது படத்தைத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு மூன்றாவதை. பிறகு மறுபடி இரண்டாவதை. "எட்டு மாசம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மருத்துவர் அம்மா தன் தாளில் எதையோ எழுதி அவர் பக்கம் நகர்த்தினார். அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

"ஆறு வருஷமா எத்தனை பேர் பாத்தோம், நான் உட்பட. யாருக்கும் கண்ணுல படல." ஸ்கேல் அக்காவைப் பார்த்துச் சொன்னார். "கட்டுரையை அனுப்பறதுக்கு முன்னாடி சொன்னீங்க. பெரிய மானக்கேடு தப்பிச்சுது. இன்னைக்கு வந்தவங்கள்ல நீங்கதான்..." என்று தொடங்கியவர், ஓரத்தில் நான் எழுதிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்து, வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். முடிக்காத வாக்கியம் எல்லோருக்கும் புரிந்தது. கோபுரம் போனால் என்ன, இடம் அவருக்குத்தான். நல்ல வேளை, சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, தன் தலையும் தப்பியது, எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் அம்மாவுக்கு ஆறவில்லை. "யாரு அந்த ஆளு? அரைகுறையா கத்துக்கிட்டு வந்து உக்காந்துடறாங்க. ஒருத்தங்க பண்ணின காரியம், ஆறு வருஷம் வீண்."

"பேர் எங்க இருக்கு? நம்பர்தான். பதினேழு வருஷம் ஆச்சு, எங்க இருக்காங்களோ" என்றார் பேராசிரியர். "கிடைச்சா திட்டறதுக்கு இல்ல, கேக்கறதுக்கு. தாள் கோளாறா, மெஷின் கோளாறா, அளந்த விதமா, அது தெரிஞ்சா அந்த அறுநூறு பேரையும் தூக்கிப் போட வேண்டாம், திரும்ப அளந்துடலாம்." பேனாவை மூடினார். "சரி, அது நம்ம கையில இல்ல. நீங்க போகலாம்மா. ரொம்ப நன்றி."

ஸ்கேல் அக்கா எழுந்தார். நாற்காலியை உள்ளே தள்ளினார். கதவுப் பக்கம் திரும்பாமல், நின்ற இடத்திலேயே வலது கையைத் தூக்கினார். வகுப்பில் தூக்குவது போல, விரல்கள் சேர்ந்து, முழங்கை நேராக.

பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, ஏதாவது சந்தேகமா? கேளுங்க."

அவர் எதுவும் கேட்கவில்லை. கையை இறக்கவும் இல்லை.